நூறு மணிகள் ஒருங்கே ஒலிக்குங்கால்

கற்பிட்டிக் குடாநாட்டின் நுரைச்சோலையிலே நிலக்கரி அனல்மின் நிலையம் ஒன்று உளதென்பதை நம் வாசகர் அனைவரும் அறிவர். ஒவ்வொன்றும் 300 மெகாவாற் வலுவுடைய மூன்று மின்பிறப்பாக்கிகள் அங்குள்ளன. 2025ஆம் ஆண்டு பெப்ரவரி 9ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், இலங்கை முழுவதும் மின்சாரம் அற்றுப்போயிற்று. பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கொன்று மின்மாற்றியில் பட்டதே காரணமென மின்சக்தி அமைச்சர் கூறினார். அன்று இலங்கைக்கு எரியூட்டிய வானரம் இன்று விளக்கை அணைத்ததென்று நகைத்தோர் பலர். நாமும் நகைத்தோம். ஆனால் நுரைச்சோலையின் மூன்று இயந்திரங்களும் நின்றுவிட, அடுத்து வந்த நாட்களில் ஒன்றரை மணி நேர மின்வெட்டு அமுலுக்கு வந்தபோது நகைப்பு அடங்கிற்று.

எங்கோ ஓரிடத்தில் நேர்ந்த பழுது, நூறு மைல்களுக்கு அப்பாலும் நூறு இடங்களில் பழுதாகத் தோன்றும். அவ்வேளையில் கண்காணிப்பு அறையில் அமர்ந்திருப்பவருக்கு எதிரே என்ன நிகழும்? செய்தி வராமையன்று, செய்தி மிகுதியே அவருடைய இடர்.

1979 மார்ச் 28ஆம் திகதி அதிகாலையில் அமெரிக்காவின் திறீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் விபத்து நேர்ந்தபோது, முதற் சில நிமிடங்களிலேயே நூற்றுக்கு மேற்பட்ட எச்சரிக்கைகள் எழுந்தன. அற்பமானவற்றை அடக்கி, முக்கியமானவற்றை முன்னிறுத்தும் ஏற்பாடு அங்கிருக்கவில்லையென விசாரணைக் குழு குறித்தது. 1994 ஜூலை 24ஆம் திகதி வேல்ஸ் நாட்டு மில்ஃபர்ட் ஹேவனில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையொன்று வெடித்தது. இருபத்தாறு பேர் காயமுற்றனர். வெடிப்புக்கு முந்திய 11 நிமிடங்களில் பணியிலிருந்த இருவர் முன் வந்து குவிந்த எச்சரிக்கைகள் 275. நிமிடத்துக்கு இருபத்தைந்து! மாணவர்கள் ஒரு முறை இரண்டு வினாடிக்கொரு கேள்வியாகக் கேட்டு, நண்பரொருவரை விடையிறுக்கச் சொல்லிப் பார்க்கலாம். பெருங்குழப்பம் நேர்ந்தபின் முதற் பத்து நிமிடங்களில் பத்துக்குட்பட்ட எச்சரிக்கைகளே ஒருவரால் ஏற்கத்தக்கவை என 1999இல் பிரித்தானியாவில் வெளியான வழிகாட்டியொன்று வரையறுத்தது.

இனி, கணினி வலையமைப்புக்கு வருவோம். வங்கி, வைத்தியசாலை, பாடசாலை எங்கணும் உள்ள கருவிகளை ஒரு மென்பொருள் ஓயாது கண்காணிக்கிறது. நிமிடத்துக்கொரு முறை ஒவ்வொரு கருவியையும் “இருக்கிறாயா?” என்று வினவும், விடை வாராவிடின் பொறுப்பாளரின் தொலைபேசிக்குச் செய்தி அனுப்பும். கேட்க எளிதே. ஆனால் பாலாவிச் சந்தியில் கற்பிட்டி நோக்கிச் செல்லும் இணைப்பு அறுந்துவிட்டதென வைத்துக்கொள்வோம். நுரைச்சோலை, ஆலங்குடா, கற்பிட்டி எனத் தொடர்ந்துள்ள கருவிகள் யாவும் நலமே இருப்பினும், புத்தளத்திலிருந்து வினவும் கணினிக்கு அவையனைத்தும் மாண்டனவாகவே தோன்றும். அறுந்தது ஒன்று, வந்த ஓலமோ இருநூறு. உண்மையான அந்த ஒன்று, இருநூற்றினுள் எங்கோ புதைந்து கிடக்கும்.

இதற்குரிய பரிகாரம் நம் குடும்ப மரத்தைப் போன்றது. எந்தக் கருவி எதன் வழியாக எட்டப்படுகிறதென்பதை முன்கூட்டியே மென்பொருளுக்குச் சொல்லி வைத்தல் வேண்டும். நாகியோஸ் என்னும் கண்காணிப்பு மென்பொருள் “வீழ்ந்தது” என்றும் “எட்ட முடியாதது” என்றும் இரு நிலைகளை வேறுபடுத்துவது இதன்பொருட்டே. தாய்க் கருவியான ரவுட்டர் வீழ்ந்தால் அதைப் பற்றி மாத்திரம் செய்தி வரும்; பிள்ளைகளைப் பற்றிய செய்திகள் அடக்கப்படும். மென்பொருள் செய்வது அவ்வளவே. அம்மரத்தைப் பிழையின்றி வரைவதும், புதுக் கருவி சேருந்தோறும் திருத்துவதும் மனிதர் வேலை. பெரும்பாலான இடங்களில் கைவிடப்படுவதும் அதுவே.

ஒரு முறை விடை வாராத உடனே கூவாமல், மூன்று முறை பார்த்தபின் கூவுமாறு அமைப்பதும் உண்டு. திருத்தவேலை நடைபெறும் நேரத்தை முன்னரே குறித்து வைப்பதும் உண்டு. எல்லைக்கோட்டில் நின்று ஏறியிறங்கும் அளவுகளுக்கு, எழும் எல்லையையும் அடங்கும் எல்லையையும் வெவ்வேறாக வகுப்பர்.

இதெல்லாம் பொறியியலாளர் விஷயமென்று நம் கரையோர மக்கள் ஒதுக்க வேண்டா. இறால் பண்ணை வைத்திருப்போரைக் கேளுங்கள். நள்ளிரவில் குளத்தின் காற்றூட்டும் சக்கரம் நின்றால் நீரின் ஒட்சிசன் குறையும். நெருக்கமாக வளர்த்த இறால் விடியுமுன் மடியும். அதை அறிவிக்கவென ஒருவர் பொருத்திய கருவி, வாரத்திற் பத்து முறை காரணமின்றி அலறினால், பதினோராம் முறை அவர் தொலைபேசியைத் தலையணைக்கடியில் வைத்துவிட்டு உறங்குவார். அவரைச் சோம்பேறி என்று பழிப்பது நியாயமன்று. பத்து முறை ஏமாற்றப்பட்ட செவி அது.

மிகையாக அடக்குவதிலும் அபாயமுண்டு. 2003 ஆகஸ்ட் 14ஆம் திகதி அமெரிக்காவின் ஒஹாயோவில் மின்நிறுவனமொன்றின் எச்சரிக்கை மென்பொருள் பிற்பகல் இரண்டேகால் மணியளவில் ஓசையின்றிச் செயலிழந்தது. அது செயலிழந்ததை அறிவிக்க எதுவுமில்லை. மின்கம்பிகள் ஒவ்வொன்றாய் அறுபட, அறையோ அமைதியாய் இருந்தது. எல்லாம் நலமென்றே எண்ணினர். நான்கு மணிக்குச் சற்றுப் பின் ஏறத்தாழ ஐந்து கோடி மக்கள் மின்சாரம் இழந்தனர்.

ஆதலின் அறிந்தோர் காவலனுக்கும் ஒரு காவல் வைப்பர். புத்தளத்திலுள்ள கண்காணிப்புக் கணினி “இருக்கிறேன்” என்று ஐந்து நிமிடத்துக்கொரு முறை வேற்றூரிலுள்ள இன்னொரு கணினிக்குச் சொல்லும். அச்சொல் வாராதொழியின், அந்த இரண்டாவது கணினி வேறொரு தொலைபேசி இணைப்பின் வழியே பொறுப்பாளரை அழைக்கும்.