கரப்பான் கட்டியும் சுஷித் தட்டும்

போங் ஜூன்-ஹோவின் 'ஸ்னோபியர்சர்' (2013) படத்தில் பலரும் முகம் சுளிப்பது அந்தக் கரப்பான் காட்சிக்குத்தான். உலகம் உறைந்துபோனபின், எஞ்சியவர்கள் 17 ஆண்டுகளாக நிற்காமல் ஓடும் ஒரு ரயிலில் வாழ்கிறார்கள். வால் பெட்டிக்காரர்களுக்குத் தினமும் கிடைப்பது கருத்த, கொழகொழத்த புரதக் கட்டி. கலகம் செய்து முன்னேறும் கர்ட்டிஸ், அது தயாராகும் எந்திரத்துக்குள் எட்டிப் பார்க்கிறான். உள்ளே மொய்ப்பவை கரப்பான்கள்.

அருவருப்பு அந்தப் பூச்சியிலா இருக்கிறது? இயக்குநரின் கொரியாவில் பட்டுப்புழுவின் கூட்டுப்புழுவை வேகவைத்துத் தெருவோரத்தில் விற்கிறார்கள். நம் ஊர்களில் மழை விட்டதும் ஈசல் பிடித்து வறுத்துத் தின்பவர்கள் உண்டு. பூச்சி தின்பதே இழிவு என்று எடுத்துக்கொண்டால், யாருடைய மூக்கை மாட்டிக்கொண்டு படம் பார்க்கிறோம் என்று நம்மைத்தான் கேட்டுக்கொள்ள வேண்டும். என்ன தின்கிறோம் என்பதையே சொல்லாமல், வேறு வழியும் விடாமல் ஊட்டுகிறார்களே, இழிவு அங்கே இருக்கிறது.

அடுத்து மீன்தொட்டிப் பெட்டி. இங்கே சுஷி ஆண்டுக்கு இருமுறைதான், மீன்களின் எண்ணிக்கை குலையக் கூடாது, எல்லாம் 'சமநிலை' என்று விளக்குகிறார் அமைச்சர் மேசன். செருப்பைத் தலையில் வைப்போமா, நான் தொப்பி, நீங்கள் செருப்பு என்று வால் மக்களுக்கு உபதேசித்தவரும் இவர்தான். (தலை, கால் என்று மனிதர்களைப் பிரித்த உபதேசத்தை நாம் முதல்முறையாகக் கேட்கவில்லை.) கர்ட்டிஸ் அவருக்கு சுஷி தரவில்லை. புரதக் கட்டியைத் தின்ன வைக்கிறான். எனக்குப் படத்திலேயே பிடித்த இடம் இது. 'உங்களுக்கு இது போதும்' என்று அதுவரை சொன்ன வாய் அதை மென்று விழுங்கப் படும் பாடு, பத்து மேடைப் பேச்சுக்குச் சமம்.

ஆனால் அந்தக் கட்டியும் முதலிலேயே வந்துவிடவில்லை. தொடக்கத்தில் வால் பெட்டிக்கு உணவே இல்லை, மனிதர் மனிதரைத் தின்றார்கள். ஒரு கைக்குழந்தையைக் காப்பாற்றக் கிழவர் கில்லியம் தன் கையையே வெட்டிக் கொடுத்தார். குழந்தையைக் கொல்லக் கத்தி எடுத்தவன் தானே என்று கர்ட்டிஸ் அழுதுகொண்டு சொல்கிறான். கட்டி வந்தது அதற்குப் பிறகு. பட்டினி போட்டவனே சோறு போட்ட புண்ணியவானும் ஆகிவிட்டான்! தின்றவர்களுக்கோ வாழ்நாள் முழுக்கக் குற்ற உணர்வு. பட்டினி போட்டவனுக்கு அப்படி எதுவும் இல்லை.

ரயிலின் முதலாளி வில்ஃபோர்டு என்ஜின் அறையில் இறைச்சித் துண்டு வாட்டிக்கொண்டு, தன் நாற்காலியை எடுத்துக்கொள்ளும்படி கர்ட்டிஸை அழைக்கிறார். அதே அறையின் தரைப்பலகைக்குக் கீழே, தீர்ந்துபோன உதிரிபாகத்துக்குப் பதிலாக, வால் பெட்டியிலிருந்து தூக்கி வந்த குழந்தை வேலை செய்துகொண்டிருக்கிறது.