நெல் முளைக்கும்வரை காத்திருப்பதா?

தஞ்சைத் தரணியில் நெல் வாங்க இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவர் அரசு. 1972-ல் தொடங்கப்பட்ட நுகர்பொருள் வாணிபக் கழகம் நேரடி கொள்முதல் நிலையங்களில் வாங்குகிறது. மற்றவர் தனியார் வியாபாரி. களத்துக்கே வருகிறார், ரொக்கம் தருகிறார். விலை மட்டும் அவர் வைத்ததுதான்!

2025 குறுவையில் சன்ன ரகத்துக்கு அரசு அறிவித்தது குவிண்டாலுக்கு 2,545 ரூபாய். நல்ல விலை! ஆனால் அந்த அக்டோபரில் கண்டதென்ன? லாரியும் குடோனில் இடமும் போதாமல் மூட்டைகள் தேங்கின. மழையில் நனைந்து நெல் முளைத்தது. 17 சதவீத ஈரப்பத வரம்பைத் தளர்த்தச் சொல்லி டெல்லியின் பதிலுக்குக் காத்திருந்தோம். கடையைத் திறந்துவிட்டுத் தராசைத் தூக்காதவர் போட்டியில் எப்படி ஜெயிப்பார்?

"அரசு ஒதுங்கட்டும், தனியாரே வாங்கட்டும்" என்போர் பீகாரைப் பார்க்கட்டும். 2006-ல் அங்கே மார்க்கெட் கமிட்டிச் சட்டத்தையே நீக்கினார்கள். ஆதார விலைக்கும் கீழே நெல்லை விற்பவர்கள் அங்கே இன்றும் ஏராளம்.

வாசகர்களே! பக்கத்தில் அரசு நிலையம் ஒழுங்காக நடந்தால்தான் வியாபாரியும் நியாய விலை தருவார். அறுவடைக்கு முன்பே நிலையம் திறக்க வேண்டும். வாங்கிய மூட்டை அன்றாடம் நகர வேண்டும். நனையாமல் வைக்கக் கூரை வேண்டும். நாம் கேட்பது சலுகையா? சிந்திப்பீர்!