கையில் உலகம்... வீட்டில் மௌனம்!



விஞ்ஞானம் தந்த வரங்களில் செல்போனும் ஒன்று. அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. 2020-இல் கொரோனா ஊரடங்கில் பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தபோது, கல்வித் தொலைக்காட்சியும் செல்போனும்தான் நமக்கு வாத்தியார். இன்றும் சர்வே பாடத்தில் சந்தேகம் என்றால் யூடியூபைத்தான் தேடுகிறோம். அதைத் தூக்கிப் போடு என்றால் யார் கேட்பார்கள்?

ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். 1975-இல் சென்னைக்குத் தொலைக்காட்சி வந்தது. வெள்ளிக்கிழமை ஒலியும் ஒளியும் பார்க்கத் தெருவே ஒரு வீட்டு வாசலில் கூடும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். 2006-இல் அரசு இலவச கலர் டி.வி. கொடுக்கத் தொடங்கியது. கூட்டம் அவரவர் வீட்டுக்குள் போனது. அப்போதும் வீட்டில் நாலு பேரும் ஒரே படத்தைப் பார்த்துச் சிரித்தார்கள். சேனல் மாற்றச் சண்டை போட்டார்கள். சண்டையும் ஒரு பேச்சுதானே! 2016-க்குப் பிறகு நெட் மலிவானது. இன்று நாலு பேர், நாலு போன், நாலு மூலை!

இதற்கு நம்மை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. ஒரு வீடியோ முடிந்ததும் அடுத்தது தானாக ஓடுகிறது. விரலால் தள்ளத் தள்ள முடிவே இல்லை. நாம் பார்க்கும் நேரம்தான் அவர்களுக்கு விளம்பரக் காசு. 'போதும்' என்று அது சொல்லாது. நாம்தான் சொல்ல வேண்டும்.

முதல் தலைமுறையாகப் படிக்கும் நமக்கு இதில் நஷ்டம் இரட்டிப்பு. என் அப்பா கொத்தனார், அம்மா சித்தாள். நான் போனைக் கையில் எடுத்தாலே, "புள்ள படிக்குது, பேச்சுக் கொடுக்காதீங்க" என்பார் அம்மா. திரையில் ஓடுவது பாடமா, ரீல்ஸா என்று அவருக்குத் தெரியாது. நம்மைப் படிக்க வைத்தவர்களே நம்மிடம் பேசத் தயங்கினால் அந்தப் படிப்பு எதற்கு?

எனக்குத் தோன்றும் வழி இரண்டு. ஒன்று, ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் எல்லார் போனும் அலமாரியில் இருக்கட்டும். அரைமணி நேரத்தில் உலகம் ஒன்றும் முழுகிப் போகாது.

இரண்டு, போனைத் தனியாகப் பார்க்காமல் அவர்களோடு சேர்ந்து பாருங்கள். காங்கிரீட் வீடியோ ஒன்றை அப்பாவிடம் காட்டினேன். பார்த்தவுடன், "கலவையில தண்ணி ஜாஸ்திப்பா, பலம் நிக்காது" என்றார். நீர்-சிமெண்ட் விகிதம் என்று புத்தகத்தில் நாம் மனப்பாடம் செய்வது அதுதானே! ரசமட்டமும் தூக்குக்குண்டும் பிடித்த கை. அந்த அனுபவம் எந்த வீடியோவில் கிடைக்கும்? அதற்குப் பதிலாகப் போனில் பணம் அனுப்பவும், ஏமாற்று அழைப்புகளை அடையாளம் காணவும் அவருக்கு நாம் கற்றுக் கொடுக்கலாம்.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு. தொலைதூரத்து ஆளிடம் பேசத்தான் போன். பக்கத்தில் இருப்பவரிடம் பேச வாய் இருக்கிறது.

சிந்திப்போம்! பேசுவோம்!

- இரண்டாம் ஆண்டு, சிவில்