ஏறுதழுவலுக்கு ஆங்கில உரையோ?

புதுக்கோட்டை மாவட்டத்துத் தச்சன்குறிச்சியில் வாடிவாசல் திறந்தால், சிற்றூர்ச் சிறுவனும் ஆட்டநெறியை அடுக்கிச் சொல்வான்: திமிலை மட்டுமே தழுவுதல் வேண்டும், வாலையோ கொம்பையோ பற்றலாகாது, ஒரு காளையை ஒருவனே அணைதல் வேண்டும், பிடி நழுவின் வெற்றி காளைக்கே!

இந்நெறியை ஆங்கிலத்தில் விளக்கப் புகுந்தோர் செய்ததென்ன? முல்லைக்கலி கண்ட 'தழுவல்' அவர்தம் எழுத்தில் 'அடக்கல்' ஆயிற்று. 'காளைச் சண்டை' என்றாரும் உளர். இசுபானியாவில் வாளால் காளையைக் குத்திக் கொல்வதும் சண்டை. விராலிமலையில் 2019இல் 1,300க்கும் மேற்பட்ட காளைகளின்முன் வெறுங்கையொடு நின்றதும் சண்டையாம்! அன்று மாண்ட இருவரும் மாந்தரே. அவ்விடர் மறைக்கத் தக்கதன்று. ஆயினும் படைக்கலன் ஏந்தாதவனைக் கொலைஞனாகக் காட்டுவது எவ்வகை முறை?

2014 மே 7இல் உச்ச நயன்மன்றம் தடுத்தது. 2017இல் தமிழிளைஞர் கிளர்ந்தெழச் சட்டம் திருந்தியது. 2023 மே 18இல் அத்திருத்தம் செல்லுமென அம்மன்றமே தீர்ப்பளித்தது. தடுத்த தீர்ப்பும் ஆங்கிலம். விடுத்த தீர்ப்பும் ஆங்கிலம்! காளை வளர்த்த உழவனோ தன் வழக்கைத் தன் காதால் கேட்டறியாது நின்றான்.

சப்பானியரின் 'சூமோ'வை உலகம் அப்பெயராலேயே அறியும். வாடிவாசலும் திமிலும் தழுவலும் அவ்வாறே உலகேறுக! ஆட்டம் தமிழருடையது, அதன் நெறியுரையும் தமிழாகவே இருத்தல் வேண்டும். தம் சொல்லைக் கைவிட்டார், தம் உரிமையைப் பிறர் நாவில் அடகு வைத்தாரே ஆவர்!