அச்சு முறுக்கும் 350 சதுர அடியும்

டிசம்பர் பிறந்ததும் மும்பையின் விலையுயர்ந்த பேக்கரிகளில் இஞ்சி ரொட்டி வீடுகள் கண்ணாடிப் பேழைகளுக்குள் வந்து அமர்கின்றன. சர்க்கரைக் குழம்பால் ஒட்டிய சுவர்கள், பனி படிந்தது போன்ற கூரை, வாசலில் ஒரு சிறு மனித உருவம். ‘வீட்டில் செய்தது’ என்னும் சீட்டு ஒன்று ஒட்டப்பட்டிருந்தால் அதன் விலை இன்னும் ஏறுகிறது. அதே வாரங்களில், அங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், தாராவியின் சந்துகளில் தமிழ்ப் பெண்கள் அச்சு முறுக்கு சுட்டுக்கொண்டிருக்கிறார்கள். அதுவும் வீட்டில் செய்ததே. ஆனால் அங்கே அதே சொற்கள் விலையை இறக்குகின்றன. ‘வீட்டில்தானே செய்கிறாய், கடை வாடகையா கொடுக்கிறாய்?’ என்பதே பேரம் பேசுவோரின் முதல் வாதம்.

ஒரே சொல் ஓரிடத்தில் மதிப்பாகவும் மற்றோரிடத்தில் மதிப்பிழப்பாகவும் மாறுவது தற்செயலன்று. பண்டத்தைப் புகழும்போது அதைச் செய்தவரின் உழைப்பை அன்பு என்றும், கைப்பக்குவம் என்றும், பொழுதுபோக்கு என்றும் பெயர் மாற்றிக் கணக்கிலிருந்து நீக்கிவிடுவது நெடுநாள் வழக்கம். தாராவி இடித்துக் கட்டப்படவிருக்கும் இக்காலத்தில் இவ்வழக்கம் வெறும் மரியாதைக் குறைவாக நின்றுவிடாது. உழைப்பு கணக்கில் வராவிட்டால் உழைக்கும் இடமும் கணக்கில் வராது.

இஞ்சி ரொட்டியின் வரலாறே இதற்குத் தக்க சான்று. ஐரோப்பிய மொழிகளில் இஞ்சிக்கு வழங்கும் பெயர்கள் கிரேக்கம், இலத்தீன் வழியாகப் பயணப்பட்டவை. அவற்றின் வேர் ‘இஞ்சி’ என்னும் திராவிடச் சொல்லோடு தொடர்புடையது என்பது சொற்பிறப்பு அறிஞர்களின் பொதுவான கருத்து. மேற்குக் கடற்கரையிலிருந்து கப்பலேறிய சரக்கு ஐரோப்பாவில் அரும்பொருளாக விற்றது. அத்தகைய மணப்பொருள்களைச் சேர்த்துச் செய்த ரொட்டியை அன்று எவரும் வீட்டுக் கைவேலை என்று கருதவில்லை. ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரில் அதைச் சுடுவோர் 17ஆம் நூற்றாண்டிலேயே தனித் தொழிற்குழுவாக அமைந்திருந்தனர். யார் சுடலாம், எவ்வாறு சுடலாம் என்பதற்கெல்லாம் நெறிகள் இருந்தன. இன்றும் அந்நகரின் ரொட்டிக்கு ஐரோப்பிய ஒன்றியம் புவிசார் பாதுகாப்பு அளிக்கிறது. ரொட்டியால் வீடு கட்டும் வழக்கம் பரவலானது 1812இல் கிரிம் சகோதரர்களின் கதைத் தொகுப்பு வெளிவந்த பின்னரே என்பர். தொழிலாகப் பிறந்து, உரிமை பெற்று, அதன்பின் வீட்டுக் கொண்டாட்டமாக மாறியது இஞ்சி ரொட்டி. மும்பைத் தமிழரின் பண்டிகைப் பலகாரமோ வீட்டில் பிறந்து, வீட்டிலேயே தொழிலாகி, இன்றுவரை தொழில் என்னும் பெயரைப் பெறாமலே இருக்கிறது.

அச்சு முறுக்கு எளிய பண்டம் என்று நினைப்போர் அதைச் சுட்டுப் பார்த்திராதவர்கள். அரிசி மாவு, தேங்காய்ப்பால், சர்க்கரை, முட்டை, எள் ஆகியவற்றைக் கரைக்கும்போது பதம் சற்றே நீர்த்தால் மாவு அச்சில் பிடிக்காது. சற்றே கெட்டியானால் முறுக்கு தடித்து மொறுமொறுப்பை இழக்கும். பூ வடிவ அச்சு எண்ணெயில் காய்ந்திருக்க வேண்டும். மாவில் தோய்க்கும்போது அதன் மேல்விளிம்பை மாவு மூடிவிடக் கூடாது. மூடினால் வெந்த முறுக்கு அச்சை விட்டுக் கழலாது. புதிய அச்சை முதலில் பழக்கியெடுக்க வேண்டும். ஓர் அச்சில் ஒரு நேரத்தில் ஒரு முறுக்குத்தான் வேகும். நூறு முறுக்கு வேண்டுமெனில் கொதிக்கும் எண்ணெய்க்கும் மாவுப் பாத்திரத்துக்கும் இடையே கை நூறு முறை போய்வந்தாக வேண்டும். பயற்றையும் வெல்லப்பாகையும் உருண்டை பிடித்து, மாவில் தோய்த்து மூன்று மூன்றாகப் பொரிக்கும் முந்திரிக்கொத்தும், சீப்பின் முதுகிலோ முள்கரண்டியிலோ உருட்டி வரி பதிக்கும் கல்கல்லும் இதே பொறுமையைக் கேட்பவை.

இப்பண்டங்கள் தாராவிக்குத் தாமாக வந்து சேரவில்லை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்கு வந்த மக்கள் தங்கள் கோயிலையும் தேவாலயத்தையும் போலவே அடுப்பையும் உடன் கொண்டுவந்தனர். மூங்கில் பிளாச்சும் வண்ணத்தாளும் கொண்டு கட்டும் நட்சத்திரம், வைக்கோல் பரப்பிய குடில், இரவில் வீடு வீடாகச் செல்லும் கேரல் பாடகர்கள், அவர்களுக்கு நீட்டப்படும் பலகாரத் தட்டு ஆகிய அனைத்தும் அந்த ஊர்களின் டிசம்பரைச் சேர்ந்தவை. நட்சத்திரத்தின் இடத்தைப் பெரும்பாலும் பிளாஸ்டிக் விளக்கு பிடித்துக்கொண்டது. தட்டின் இடத்தை எதுவும் பிடிக்கவில்லை. சுடுவதற்கு நேரமில்லாத வீடுகள், சுடத் தெரிந்த வீடுகளிடம் சொல்லிவைக்கத் தொடங்கின. தீபாவளிக்கு முறுக்கும் அதிரசமும், கிறிஸ்துமசுக்கு அச்சு முறுக்கும் கல்கல்லும் என ஒரே அடுப்பு இரண்டு பண்டிகைகளுக்கு எரிகிறது. கேட்டு வருபவர் சயானோ மாட்டுங்காவோ செம்பூரோ, அடுப்பு எரிவது பத்துக்குப் பத்து அடி அறையில்.

அந்த அறையின் கணக்கை எழுதிப் பார்ப்போர் அரிது. அரிசிக்கும் எண்ணெய்க்கும் தேங்காய்க்கும் விலை போடப்படுகிறது. மாவிடிக்கும் கூலியும் சில சமயம் சேர்கிறது. ஆனால் இரவு பதினொரு மணி வரை அடுப்பு முன் நின்ற கால்களுக்கும், எண்ணெய் தெறித்த முன்கைக்கும், அதுவரை படுக்க இடமின்றி மேல்தளத்தில் ஒடுங்கிக் காத்திருந்த பிள்ளைகளுக்கும் அக்கணக்கில் வரியில்லை. குறிப்பாக அந்த அறையின் வாடகை அதில் ஏறுவதே இல்லை. வாடகை கொடுக்காமல் செய்கிறாள் என்று பேரம் பேசுகிறவர், வாடகை கொடுத்து எடுத்த அறையையே அவள் பட்டறையாக்கித் தருகிறாள் என்பதைப் பார்ப்பதில்லை.

சட்டமும் அவளைப் பாதிதான் பார்க்கிறது. வீட்டிலிருந்து உழைப்போர் பற்றிய சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 177ஆம் உடன்படிக்கை 1996இல் நிறைவேறியது. இந்தியா அதை ஏற்று உறுதிசெய்யவில்லை. அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கான 2008ஆம் ஆண்டுச் சட்டம் ‘வீடுசார் தொழிலாளர்’ என்னும் சொல்லை வரையறுத்ததோடு பெரும்பாலும் நின்றுகொண்டது. சிறு உணவுத் தயாரிப்பாளருக்கு ஆண்டுக்கு 100 ரூபாய்க் கட்டணத்தில் பதிவு செய்யும் வழியை உணவுப் பாதுகாப்பு விதிமுறைகள் திறந்துவைத்தன. ஆனால் அப்பதிவு ஓர் இடத்தைச் சார்ந்தது. வீட்டு உபயோகத்துக்கான 14.2 கிலோ எரிவாயு உருளையை விற்பனைக்கான சமையலுக்குப் பயன்படுத்தினால் அது விதிமீறல். வீட்டுக்காரி என்றால் தொழிலாளியின் உரிமை இல்லை. தொழிலாளி என்றால் வீட்டு அடுப்பே குற்றம். இந்த இடைவெளியில்தான் அச்சு முறுக்கு வேகிறது.

வீட்டு அடுப்பை நம்பி ஒரு நகரமே எழ முடியும் என்பதற்கு உல்லாஸ்நகர் சான்று. கல்யாணுக்கு அருகே, இரண்டாம் உலகப் போர்க்காலத்துப் படைமுகாம் கொட்டகைகளில், பிரிவினையால் சிந்துவிலிருந்து வெளியேறிய ஏறத்தாழ ஒரு லட்சம் மக்கள் தங்கவைக்கப்பட்டனர். அன்று கவர்னர் ஜெனரலாக இருந்த ராஜாஜி 1949 ஆகஸ்ட் 8 அன்று அந்நகருக்கு அடிக்கல் நாட்டினார். நிலமும் கடையும் இழந்து வந்த குடும்பங்களுக்குக் கொட்டகையின் தரையே முதல் பட்டறை. அப்பளம் இட்டும், ஊறுகாய் போட்டும், இனிப்பு செய்தும் பெண்கள் ஈட்டிய காசு பல குடும்பங்களை நிமிர்த்தியது. பின்னாளில் அந்நகர் பிஸ்கட்டுக்கும் மிட்டாய்க்கும் பெயர் பெற்றது. முகாமின் கொட்டகைகளில் வாழ்வும் பிழைப்பும் ஒரே கூரையின்கீழ் நடந்தன. வீடு வேறு, தொழிலிடம் வேறு என்று அன்றே கோடு கிழித்திருந்தால் அந்த நகரின் கதை வேறாகியிருக்கும்.

மும்பைக்கு இன்னொரு முன்மாதிரியும் உண்டு. 1959 மார்ச் 15 அன்று கிர்காவில் ஒரு குடியிருப்பின் மாடியில் ஏழு பெண்கள் 80 ரூபாய்க் கடனோடு தொடங்கிய லிஜ்ஜத் அப்பளக் கூட்டுறவு, உழைப்பைப் பிரித்த முறையால் நிலைத்தது. மாவு பொது மையத்தில் பிசையப்படுகிறது. பெண்கள் அதை வீட்டுக்குக் கொண்டுசென்று இட்டு உலர்த்தி மறுநாள் திருப்பித் தருகிறார்கள். கூலி அங்கேயே கணக்கிடப்படுகிறது. தாராவியில் கவிழ்த்த கூடைகளின்மேல் அப்பளம் காயும் காட்சியை அறியாத மும்பைக்காரர் குறைவு. எனினும் அப்பளத்துக்குத் தரையும் வெயிலும் போதும். அச்சு முறுக்குக்கு நெருப்பும் எண்ணெயும் வேண்டும். அதனால் லிஜ்ஜத்தின் முறையை அப்படியே எடுத்துப் பொருத்திவிட இயலாது, தலைகீழாக்கிப் பொருத்தலாம். மாவு கரைப்பதும் பொதிவதும் வீட்டில் நடக்கலாம், பொரிப்பது பொது இடத்தில் நடக்கலாம்.

இப்போது அந்தப் பொது இடத்தைப் பற்றிப் பேசுவதற்குக் காரணம் உண்டு. 2022 நவம்பரில் தாராவி மறுசீரமைப்புக்கான ஏலத்தை அதானி குழுமம் வென்றது. 2024 மார்ச்சில் வீடு வீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியது. அறிவிக்கப்பட்ட நெறிகளின்படி 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் வாழும் தகுதியுள்ள குடும்பத்துக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு விலையின்றிக் கிடைக்கும். அதற்குப் பின் வந்தோருக்கும் மேல்தளத்தில் வாழ்வோருக்கும் தாராவிக்கு வெளியேதான் இடம். கணக்கெடுப்பில் குடியிருப்பு, வணிகம் என்று வகைகள் உண்டு. ஆனால் வணிகம் என்று நிறுவ உரிமமோ ரசீதோ வேண்டும். பலகையும் ரசீதும் இல்லாமல் பண்டிகைக்குப் பண்டிகை பலகாரம் சுடும் அறை, காகிதத்தில் வெறும் குடியிருப்பாகவே பதியும். தாராவிக்கு வெளியே அனுப்பப்படும் பெண் அடுப்பை எடுத்துச் செல்லலாம். மாட்டுங்காவிலிருந்து நடந்து வந்து சொல்லிவைத்துப் போகும் வாடிக்கையாளரை எடுத்துச் செல்ல முடியாது.

இதற்கு எதிர்வாதம் உண்டு, அது அற்பமானதுமன்று. காற்றோட்டமில்லாத அறையில், குழந்தைகள் உறங்கும் இடத்தில், எண்ணெய் கொதிப்பது பேராபத்து. அதைப் பண்பாடு என்று போற்றுவது தூரத்தில் நின்று பார்ப்போரின் சொகுசு. கழிப்பறையும் குழாய்த் தண்ணீரும் உள்ள வீட்டைத் தாராவிப் பெண்கள் விரும்புவதில் வியப்பில்லை. அந்த விருப்பத்துக்கு எதிராக எவரும் பழைய சந்தைக் காவல் காக்க வேண்டியதில்லை. அடுக்குமாடியின் ஏழாம் தளத்தில் ஐம்பது வீடுகள் விற்பனைக்குப் பலகாரம் பொரித்தால் தீயணைப்புத் துறை அதை ஒப்புக்கொள்ளாது என்பதும் உண்மையே. ஆனால் இவ்வாதம் அடுப்புக்குப் பாதுகாப்பான இடம் வேண்டும் என்பதை நிறுவுகிறதே தவிர, அடுப்பே வேண்டாம் என்பதை நிறுவவில்லை. புகையின் பெயரால் வேலையை அகற்றிவிட்டு, வீடு கொடுத்தோம் என்று சொல்வது பாதிக் கணக்கு.

முழுக் கணக்குக்குச் செய்ய வேண்டியவை பெரிய காரியங்களல்ல. கணக்கெடுப்புப் படிவத்தில் வீட்டிலிருந்து செய்யும் தொழிலுக்கு ஒரு கேள்வி இருக்க வேண்டும். அதற்கு ரசீது கேட்காமல், பெண்ணின் வாய்மொழியையும் அண்டை வீட்டாரின் சாட்சியையும் ஏற்க வேண்டும். மறுவாழ்வுக் கட்டடங்களின் தரைத்தளத்தில் குழாய் எரிவாயுவும் புகைபோக்கியும் தீயணைப்பு வசதியும் கொண்ட பொதுச் சமையற்கூடம் அமைய வேண்டும். உணவுப் பாதுகாப்புப் பதிவை அக்கூடத்தின் முகவரியில், அதைப் பயன்படுத்தும் பெண்களின் குழுவுக்குத் தரலாம். அடுத்த கட்டடத்துக்கு மாறினாலும் பதிவு கெடாது. மேல்தளத்தில் குடியிருப்பவர் என்பதற்காக அங்கே உழைப்பவரின் பிழைப்பு இல்லாததாகிவிடக் கூடாது. தேவாலயங்களும் கோயில் சங்கங்களும் தங்கள் கூடங்களை ஆண்டில் இரண்டு மாதம் இதற்குத் திறந்துவிட்டால், கட்டடம் எழும் வரை காத்திருக்கவும் தேவையில்லை.

வாங்குவோருக்கும் ஒரு கடமை உண்டு. இஞ்சி ரொட்டி வீட்டுக்குக் கேட்ட விலையை மறுபேச்சின்றிக் கொடுக்கும் கை, அச்சு முறுக்கு டப்பாவை எடுக்கும்போது பேரம் பேசத் தொடங்குவது சுவையைப் பற்றிய தீர்ப்பன்று, செய்தவர் யார் என்பதைப் பற்றிய தீர்ப்பு. ‘வீட்டில் செய்தது’ என்பது உண்மையிலேயே பெருமையானால், அந்த வீட்டுக்கு உரிய வாடகையையும் அதில் கழிந்த இரவுக்கு உரிய கூலியையும் விலையில் சேர்த்துக் கொடுப்பதே அப்பெருமைக்கு அழகு.

சர்க்கரையால் ஒட்டிய ரொட்டி வீட்டின் சுவர்கள் பண்டிகை முடிந்ததும் உடைத்துத் தின்னப்படுவதற்காகவே எழுப்பப்படுகின்றன. தாராவியின் சுவர்கள் அவ்வாறு எழுப்பப்பட்டவையல்ல. அவை இடிபடும் நாளில், உள்ளே எரிந்த அடுப்பு யாருடையது என்று எழுதிவைக்க ஒரு படிவமும், அது மீண்டும் எரிய ஒரு கூடமும் தயாராக இருக்க வேண்டும்.