செவியில் ஏறுவது கண்ணில் ஏறாதபோது

மார்கழியில் திருப்பாவையின் முப்பது பாசுரங்களையும் பிழையறச் சொல்லும் பேரன், பாடப் புத்தகத்தில் நான்கு வரி வாசிக்கத் திணறுகிறான். எழுதினால் கொம்பும் காலும் இடம் மாறுகின்றன. வீட்டில் அதற்கு ‘சோம்பல்’ என்று பெயரிட்டு விடுகிறார்கள். சோம்பேறிக்கு முப்பது பாசுரம் நெட்டுருவாகுமா, அன்பர்களே?

வேதபாடசாலைகளில் சந்தை சொல்லும் முறை செவியை நம்பியது. அவ்வழியில் சிறந்து விளங்கும் குழந்தைக்கு, எழுத்தை ஒலியாக மாற்றும் வழி மட்டும் கரடுமுரடாக இருக்கலாம். டிஸ்லெக்சியா எனப்படும் இக்குறை அறிவுக்குறைவு அன்று. ஆயினும், நாமாக முடிவு கட்டுவதும் தகாது. முறையான மதிப்பீடு வேண்டும்.

முதலில் கண்ணையும் செவியையும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். பின்னர் உளவியலாளர், கேட்ட எண்களைத் திருப்பிச் சொல்லவும், கட்டைகளை அடுக்கி வடிவம் அமைக்கவும், வாசிக்கவும், எழுதவும், கணக்கிடவும் சொல்லிப் பார்ப்பார். பொருளற்ற சொற்களையும் வாசிக்கச் சொல்வதுண்டு. மனப்பாடத்தால் சமாளிக்க இயலாத இடம் அதுவே. முடிவில் வரும் அறிக்கையில் இடர்ப்பாடுகளோடு திறன்களும் இடம்பெறும். வங்கியில் பணியாற்றிய நாளில், சொத்தையும் கடனையும் சேர்த்துப் பாராமல் எவருடைய கணக்கையும் நான் எடைபோட்டதில்லை. மதிப்பெண் பட்டியலோ கடன் பக்கத்தை மட்டுமே காட்டுகிறது.

“நம் குலத்தில் இப்படி ஒருவரும் இல்லை, முத்திரை குத்திவிடுவார்கள்” என்று தடுப்பவர்கள் பெரும்பாலும் நம் வயதினரே. இக்குறை வழிவழியாக வருவதுண்டு என்பதால் குடும்ப வரலாற்றையும் கேட்பார்கள். எழுத்துக்கூட்ட முடியாமல் பள்ளியை விட்ட சித்தப்பாவைப் பற்றி மகனுக்கோ மருமகளுக்கோ தெரிந்திராது, நமக்குத் தெரியும். மறைக்காமல் சொல்லிவிடுங்கள். முத்திரைக்கு அஞ்சி ஆண்டுகளைக் கடத்தினால், ‘மக்கு’ என்ற முத்திரையைக் குழந்தை தானே தன்மேல் குத்திக்கொள்ளும்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், கற்றல் குறைபாட்டையும் 21 வகைகளுள் ஒன்றாக ஏற்றுள்ளது. உரிய சான்றிதழ் இருப்பின் சி.பி.எஸ்.இ. பொதுத்தேர்வில் மூன்று மணி நேரத் தாளுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கும். சொல்வதை எழுதுபவரையும் கோரலாம்.

அறிக்கை கைக்கு வரும்வரை, மாலையில் அவனுடைய பாடங்களை நீங்களே உரக்க வாசித்துக் காட்டுங்கள். பாசுரம் ஏறிய செவியில் பாடமும் ஏறும்.