கர்ப்பிணிக்குக் கடலை ஆகாதா?

பீங்கானுக்குப் பேர்போன விருத்தாசலத்துக்கு மற்றொரு பெருமையும் உண்டு. இங்குள்ள விவசாய ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய நிலக்கடலை ரகங்கள் 'வி.ஆர்.ஐ.' என்று இவ்வூரின் பெயரையே தாங்கி நிற்கின்றன. அப்படியிருந்தும், பிள்ளைத்தாய்ச்சிக்குக் கடலை பித்தம் என்று தடுக்கும் பாட்டிமார் இங்கும் இல்லாமலில்லை! மரக்கறி உண்ணும் வீடுகளில், எல்லோரும் உண்டு எழுந்தபின் அவளுக்கு மிஞ்சுவது ரசமும் சோறும் மோருந்தான். தெளிந்த ரசத்தில் புரதம் ஏது?

குன்னூரில் 1918-ல் பிறந்து, 1958-ல் ஹைதராபாத் சென்ற தேசிய போஷாக்கு ஸ்தாபனம் 2020-ல் ஒரு கணக்கு வகுத்தது. ஸ்திரீகளுக்கு நாளொன்றுக்குச் சுமார் 46 கிராம் புரதம் வேண்டும்; கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் இன்னும் 22 கிராம். இதைக் கண்டு மலைக்க வேண்டியதில்லை. வறுத்த நிலக்கடலை 30 கிராமில் ஏறக்குறைய 7 கிராம் உண்டு. 50 கிராம் கொண்டைக்கடலையை ஊறவைத்துச் சுண்டல் செய்தால் 9. ஒரு டம்ளர் பாலில் 6. அரிசியில் குறைவாயுள்ள லைஸின் என்னும் சத்தையும் சுண்டல் ஈடுசெய்கிறது.

கடலை தின்று உடம்பு தடித்தவர்களும் மூச்சு முட்டியவர்களும் அதை விலக்கத்தான் வேண்டும். மற்றவர்களுக்குப் பூஞ்சணம் பூத்த கடலையே ஆகாது. அதை வறுத்தாலும் விஷம் முற்றும் போகாது.